எம்.பி.ஆர். போடலாமா என்று கேட்டவருக்கு

வேறொரு குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கும் நண்பர், “எங்கள் எஸ்.டி.பி.யையும் எம்.பி.ஆர்.-ஆக மாற்றிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார். எஸ்.டி.பி. என்பது குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்; எம்.பி.ஆர். என்பது அங்கே நுண்துளை கொண்ட மெம்பரேன் இழைகள் வழியாக நீரை உறிஞ்சி வடிகட்டும், நாங்கள் மாறிவிட்ட முறை. எங்கள் மெம்பரேன்களைக் கழற்றிப் போட்டுக் கழுவுகிற வாரத்தில் கேட்டதால், பதில் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

அதில் சுத்தமாகி வரும் தண்ணீரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கையில் பெருநகரங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றிருந்த பி.ஓ.டி. (நீரில் மிஞ்சும் கரிம அழுக்கைக் காட்டும் அளவு) வரம்பை, 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 ஆக இறுக்கியது. மிதக்கும் பிளாஸ்டிக் துண்டுகளில் நுண்ணுயிர்களை வளர்த்து அழுக்கைத் தின்ன வைக்கும் எங்கள் பழைய எம்.பி.பி.ஆர். அந்தப் பத்தை எட்டவே திணறியது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் துணி துவைத்தால், திங்களன்று, சுத்திகரித்த நீர் போகும் ஃப்ளஷ் தொட்டி நாறும். இப்போது ஆய்வக அறிக்கையைப் பயமில்லாமல் பிரிக்கிறோம். பாக்டீரியாவே புக முடியாத துளைகள் வழியாக உறிஞ்சப்படும் நீரில் கலங்கலுக்கு இடமேது? கோடையில் தோட்டத்துக்கென்று தனியாக டேங்கர் லாரி வாங்குவதும் நின்றுவிட்டது. ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், தலைமுடி!

விலைப்புள்ளியில் ‘சல்லடை’ என்று ஒற்றை வரிதான் இருந்தது. வந்து இறங்கியதோ நீளப் பிளவுகள் கொண்ட சல்லடை. பிளவு எத்தனை குறுகலாக இருந்தாலும் முடி நெட்டுவாக்கில் நழுவிவிடும். உள்ளே போய், யாரோ கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்பானின் நாரோடு முறுக்கிக்கொண்டு, மெம்பரேன் இழைகளைச் சடை பின்னிவிடுகிறது. அதன் மேல் சேறு அப்புகிறது. உறிஞ்சும் பம்பு திணறுகிறது. காற்றூதும் ப்ளோயரைக் கூட்டி வைக்கச் சொல்கிறார்கள், மின்கட்டணமும் கூடுகிறது. கழுவப் பயன்படும் ஹைப்போ என்ற குளோரின் கரைசலும் சிட்ரிக் அமிலமும் படிந்த அழுக்கைத்தான் எடுக்கும், சடையை அவிழ்க்காது. ஆபரேட்டர் கையுறை மாட்டிக்கொண்டு இழை இழையாகப் பிரிக்கிறார். இழுத்தால் மெம்பரேன் இழையும் அறுந்துவிடும் என்பதால் அவசரப்படவும் முடியாது.

அமைத்துக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், “குடியிருப்போரிடம் அறிவுறுத்துங்கள்” என்கிறது. எதை? முடி கொட்ட வேண்டாம் என்றா? வட்டத் துளைச் சல்லடை, அதுவும் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையுடன், முதல் நாளே வைத்திருக்க வேண்டும். இப்போது வைக்கத் தனி விலை, அது உட்காரும் வாய்க்காலை அகலப்படுத்தத் தனி விலை.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். பழைய நிலையத்தையே சீர்செய்து, மணல் வடிகட்டிக்குப் பின்னால் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் என்ற நுண்வடிகட்டியை வைத்து ஓட்டிப் பாருங்கள். எங்கள் பொதுக்குழுவில் புது மெம்பரேன் வாங்க நிதி ஒதுக்கும் தீர்மானம் வந்தபோது ஆதரித்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அது வேறு கதை.