ஐஐஎஸ் தளத்தைப் பேக்கேஜ் செய்தால் எந்த செட்டிங்ஸ் கூடவே வரும்?

ஐஐஎஸ்ஸில் (மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர்) ஓடும் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றும்போது பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிப்போம்: ஃபோல்டரை அப்படியே காப்பி செய்வது, தளங்களை இடம் மாற்ற உதவும் மைக்ரோசாஃப்ட் கருவியான வெப் டிப்ளாயில் 'ஐஐஎஸ்ஆப்' பேக்கேஜ் எடுப்பது, அதே கருவியில் 'ஆப்ஹோஸ்ட்கான்ஃபிக்' பேக்கேஜ் எடுப்பது.

எது வரும் என்பது அந்த செட்டிங் எந்த ஃபைலில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஐஐஎஸ் 7 முதல் தளத்தின் ஃபோல்டருக்குள் ஒரு வெப்.கான்ஃபிக் இருக்கும், விண்டோஸின் இனெட்எஸ்ஆர்வி ஃபோல்டரில் அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்ஃபிக் இருக்கும். யூஆர்எல் ரீரைட் விதிகள் (வரும் முகவரியை வேறொன்றாக மாற்றுபவை), டிஃபால்ட் டாக்குமென்ட், 3 கோடி பைட் என்ற அப்லோடு வரம்பை நீங்கள் உயர்த்தியது எல்லாம் வழக்கமாக முதல் ஃபைலில் விழும். பைண்டிங் (தளம் எந்த ஐபி, போர்ட், பெயரில் கேட்கும் என்பது), அப்ளிகேஷன் பூல் (தளம் ஓடும் தனி பிராசஸின் அமைப்பு), லாக் எழுதும் இடம் இரண்டாவதில்.

ஏமாற்றுவது ஆதென்டிகேஷன்தான், அதாவது யார் உள்ளே வரலாம் என்று சரிபார்க்கும் செட்டிங். ஐஐஎஸ் மேனேஜரில் தளத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் அதை மாற்றுகிறோம். ஆனால் அந்தப் பகுதி இயல்பாகவே பூட்டப்பட்டிருப்பதால், மாற்றம் அப்ளிகேஷன்ஹோஸ்டில் ஒரு 'லொகேஷன்' பிளாக்காகப் போய் உட்காரும். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் ஒரு தளத்தை ஒருமுறை ஃபோல்டர் காப்பியில் மாற்றினேன். புது சர்வரில் அனானிமஸ் (யார் என்று கேட்காமல் அனுமதிப்பது) இயல்பாகவே திறந்திருந்ததால், லாகின் கேட்காமலே எல்லாப் பக்கமும் வந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

ஐஐஎஸ்ஆப்பும் இந்த விஷயத்தில் ஃபோல்டர் காப்பி போலத்தான். ஃபைல்களைக் கொண்டுபோய், அந்த ஃபோல்டரை அப்ளிகேஷனாகக் குறிக்கும்; அவ்வளவே. ஒரு எச்சரிக்கை: பேக்கேஜில் இல்லாத ஃபைல் போய்ச் சேரும் சர்வரின் ஃபோல்டரில் இருந்தால், தடுக்கும் விதியை நீங்கள் சேர்க்காதவரை கமாண்டு வழி சிங்க் அதை அழித்துவிடும். பயனர்கள் ஏற்றிய படங்கள் இப்படித்தான் காணாமல் போகும்.

ஆப்ஹோஸ்ட்கான்ஃபிக் மட்டுமே பைண்டிங், வர்ச்சுவல் டைரக்டரி (வேறிடத்து ஃபோல்டரைத் தளத்தின் முகவரிக்குள் காட்டுவது), அந்த லொகேஷன் பிளாக் ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். அப்போதும் அப்ளிகேஷன் பூல் தானாக வராது. அதற்கு வெப் டிப்ளாயின் 'ஆப்பூல்எக்ஸ்டென்ஷன்' என்ற இணைப்பை இயக்க வேண்டும். இயக்காமல் விட்டு, அந்தப் பெயரில் பூலும் புது சர்வரில் இல்லையென்றால் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழைதான். யாரும் வராவிட்டால் பிராசஸை நிறுத்தும் இருபது நிமிட ஐடில் டைம்அவுட்டை நிறுத்தி வைத்தது, அதைப் புதிதாகத் தொடங்கும் 1740 நிமிட ரீசைக்கிளை நள்ளிரவுக்கு மாற்றியது எல்லாம் பூலோடு சேர்ந்தவை. பூல் தனிக் கணக்கில் ஓடினால் அதன் பாஸ்வேர்டை என்க்ரிப்ட் செய்யவும் ஒரு பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எல் சான்றிதழுக்கும் தனி எக்ஸ்டென்ஷன் உண்டு. பிரைவேட் கீ எக்ஸ்போர்ட் ஆகும்படி முதலிலேயே நிறுவியிருந்தால்தான் அது உதவும்.

மூன்றிலுமே வராதவை: ரீரைட் மாட்யூல் போன்ற நிறுவல்கள். விதி வந்து மாட்யூல் இல்லையென்றால் 500.19 பிழை. லாகின் குக்கியைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும், தானாக உருவான மெஷின் கீயும் வராது; அதனால் எல்லாரும் மறுபடி லாகின் செய்ய நேரும். குக்கி செல்லுபடியாக வேண்டுமென்றால் கீயை வெப்.கான்ஃபிக்கில் வெளிப்படையாக எழுதிவிட்டு மாற்றுங்கள்.

என் தேர்வு: ஒரே தடவை இடம் மாற்றுவதற்கு பூல் இணைப்போடு ஆப்ஹோஸ்ட்கான்ஃபிக். வாராவாரம் புது வெர்ஷன் ஏற்றுவதற்கு ஐஐஎஸ்ஆப், ஏனென்றால் பைண்டிங்கும் பூலும் அந்தந்த சர்வருக்கே உரியவை. டெஸ்ட் சர்வரின் ஐபி லைவ் சர்வரில் போய் உட்காரக்கூடாது. வெப் டிப்ளாயில் எதுவானாலும் முதலில் 'வாட்இஃப்' (எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டுவது) சேர்த்து ஓட்டி, அழியப்போகும் ஃபைல்களின் பட்டியலைப் படித்துவிடுங்கள்.