தற்காப்புக்கு எந்தக் கலை, எந்த ஆசிரியர்?

1882ஆம் ஆண்டு தோக்கியோவில் ஜிகோரோ கானோ ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக்கலையான ஜுஜுட்சுவில் இருந்த குத்து, உதைகளையும் எலும்பை முறிக்கக்கூடிய சில பிடிகளையும் இருவர் மோதும் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவர் கலையின் பல்லைப் பிடுங்கிவிட்டதாகவே தோன்றும். ஆனால் ஆபத்தானவை விலகியதால்தான், எஞ்சியவற்றை முழு பலத்தோடு எதிர்த்து நிற்கும் ஒருவரிடம் நாள்தோறும் செய்து பார்க்க மாணவர்களுக்கு வழி பிறந்தது. கண்ணைக் குத்துவதையோ தொண்டையில் அடிப்பதையோ உடன் பயில்பவர் மீது முழு வேகத்தில் யாரும் பழக முடியாது. காற்றில் மட்டுமே பழகியது நெருக்கடியில் கைகொடுக்கும் என்று நம்பி இறங்கவும் முடியாது. ஆகவே கலைகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, எதிர்த்து நிற்கும் ஆளோடு மோதிப் பழக அந்த வகுப்பில் வாரந்தோறும் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதையே.

இந்த அளவுகோலின்படி குத்துச்சண்டையும் ஜூடோவும் முன்வரிசையில் நிற்கின்றன. சில மாதங்களே கையில் இருப்பவருக்குக் குத்துச்சண்டையைத்தான் பரிந்துரைப்பேன். கற்க வேண்டிய அசைவுகள் குறைவு. தூரத்தைக் கணிக்கவும், கால்களை நகர்த்தி விலகவும், எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தில் ஒரு குத்து விழுந்த பிறகும் உறைந்துபோகாமல் இயங்கவும் அது பழக்குகிறது. அதன் குறை, ஒருவர் சட்டையைப் பற்றி இழுக்கும் கணத்தில் தெரியவரும். வளையத்துக்குள் இருவரும் கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். வெளியில் அப்படி ஒருவர் வரப்போவதில்லை. கையுறை இல்லாமல் மண்டையில் ஓங்கிக் குத்தினால், சுண்டுவிரலுக்குக் கீழுள்ள புறங்கை எலும்பு முறிவதும் சாதாரணமாக நடப்பதே. முழங்கை, முழங்கால், கழுத்துப்பிடி ஆகியவற்றையும் சேர்த்துப் பயிற்றும் தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாய் இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறது.

ஜூடோவில் நிலைமை தலைகீழ். பிடித்து இழுக்கப்படுவதிலிருந்தே அங்கே பாடம் தொடங்குகிறது; கீழே விழும்போது தலை மோதாமல் விழக் கற்பது ஆயுள் முழுவதும் பயன்படும் திறமை. ஆனால் குத்தைத் தடுக்க அது பழக்காது. வீசி எறியும் உத்திகள் கைவசப்படப் பொறுமையும் காலமும் வேண்டும்.

ஜூடோ வீரரான மிட்சுயோ மாயேடா 1914இல் பிரேசில் சென்றடைந்ததும், அவர் கற்பித்த கலையைக் கிரேசி குடும்பத்தார் வளர்த்தெடுத்ததுமே தரையில் மடக்கிப் பிடித்து மோதும் பிரேசிலிய ஜியு ஜிட்சுவின் பிறப்பு. வெவ்வேறு சண்டைக்கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதும் யு.எஃப்.சி. போட்டி 1993இல் முதன்முதலாக நடந்தது; அதில் ஹோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைப் பணியவைத்தபோது, எடை குறைந்தவரும் தரையில் வெல்லலாம் என்பதை உலகம் கண்டது. கீழே அழுத்தப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிற உருவத்தில் சிறியவருக்கு இதைவிடப் பொருத்தமான கலை எனக்குத் தெரியவில்லை. எனினும் அங்கே எதிராளி ஒருவரே, தரையோ மெத்தை விரிப்பு. வெளியில் இரண்டாவது ஆள் வந்து உதைக்கக்கூடும். ஆகையால் தரையிலிருந்து விடுபட்டு எழுந்து நிற்பதை வலியுறுத்தும் வகுப்பையும், போட்டிப் புள்ளிகளுக்காக மல்லாந்து கிடக்கப் பழக்கும் வகுப்பையும் வேறுவேறாகவே மதிப்பிட வேண்டும்.

தற்காப்பையே பெயர்ப்பலகையில் எழுதிவைத்திருக்கும் இஸ்ரேலிய முறையான கிராவ் மகாவைப் பற்றி எனக்குக் கலவையான கருத்தே உண்டு. 1930களில், இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராக உள்ள பிராட்டிஸ்லாவாவின் தெருக்களில் கிடைத்த அனுபவத்திலிருந்து அதை உருவாக்கத் தொடங்கிய இமி லிக்டென்ஃபெல்ட், ஏற்கெனவே தேர்ந்த குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர். அந்த அடித்தளம் இல்லாதவருக்கு வாரயிறுதிக் குறும்பயிற்சி கொடுப்பது பெரும்பாலும் நம்பிக்கையை மட்டுமே. திறமை இல்லாத நம்பிக்கை ஆளை ஆபத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிடும். உண்மையான மோதல் பயிற்சி தரும் கிராவ் மகா வகுப்புகளும் உள்ளன. அவை மிக நன்று.

கராத்தேயிலும் டேக்வாண்டோவிலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு அதிகம். போட்டி விதிகள் உடம்பில் பழக்கமாகப் படிந்துவிடுவதை இங்கேதான் தெளிவாகக் காணலாம்: கியோகுஷின் கராத்தேயில் அடி பலமானதுதான், ஆனால் போட்டியில் கையால் முகத்தில் குத்த அனுமதி இல்லை, ஒலிம்பிக் டேக்வாண்டோவிலும் அப்படியே. முகத்துக்குக் குத்து வராது என்று பழகியவரின் கைகள் தாமாகவே தாழ்ந்துவிடுகின்றன.

ஆனால் இந்த ஒப்பீடு முழுவதையும் புரட்டிப்போடக்கூடியவர் ஆசிரியர். ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது எப்படி என்று மாஸ்டர் காட்டும்போது, பிடித்திருக்கும் மாணவரின் மற்றக் கை என்ன செய்கிறது? அது சும்மா தொங்கிக்கொண்டிருக்க, முதல் அசைவிலேயே அவர் பணிவோடு சரிந்து விழுந்தால், அங்கே நடப்பது பயிற்சியன்று, ஒத்திகை. அதே உத்தியை, மாணவர் இழுத்தும் தள்ளியும் இன்னொரு கையால் அடிக்க முயன்றும் எதிர்க்கும்போது செய்துகாட்டச் சொல்லுங்கள். நேர்மையான ஆசிரியர் சிரமப்படுவார், சில சமயம் தோற்கவும் செய்வார். அதற்காகக் கூச்சப்பட மாட்டார். மற்றவர் "இது உயிரைக் குடிக்கும் உத்தி, முழுதாகச் செய்யக் கூடாது" என்று நழுவிவிடுவார்.

கத்தித் தாக்குதலைப் பற்றி அவர் சொல்வது இன்னும் நல்ல உரைகல். மை தடவிய ரப்பர் கத்தியை ஒரு மாணவரிடம் கொடுத்து, தம் வெள்ளைச் சட்டையில் வேகமாகத் திரும்பத் திரும்பக் குத்தச் சொல்லி, பிறகு படிந்த கறைகளைக் காட்டி "இத்தனையும் காயங்கள், ஓட வழியிருந்தால் ஓடுங்கள்" என்கிறவரிடம் தயங்காமல் சேரலாம். வெறுங்கையால் கத்தியைப் பறிப்பது எளிது என்பவரிடம் வேண்டாம். தாக்குதலுக்கு ஈடான அளவுக்கே பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது என்பதையும், எதிராளி விழுந்த பிறகு தொடர்ந்து உதைத்தால் அது தற்காப்பாகாது என்பதையும் எடுத்துச் சொல்பவராக அவர் இருக்க வேண்டும்.

பதக்கங்களுக்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. அவர் மோதிப் பழகியவர் என்பதற்கு அவை சான்று. பயந்துபோய் வந்திருக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அவரால் கற்பிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, சேர்ந்து சில வாரங்களே ஆன மாணவர்களை வகுப்பில் யாருடன், எவ்வளவு வேகத்தில் மோத விடுகிறார் என்பதில் தெரியும். முதல் வாரமே தலையில் பலமாக அடிவாங்க விடுகிற இடம், மோதலே இல்லாத இடத்தைப் போலவே தவிர்க்கத் தக்கது. தலையில் படும் அடிகளின் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகக்கூடியது.

நல்ல ஜூடோ ஆசிரியரும் சுமாரான குத்துச்சண்டை ஆசிரியரும் அருகருகே இருந்தால், அவகாசம் குறைவாக இருப்பவரைக்கூட ஜூடோவுக்கே அனுப்புவேன். இருவரும் சமம் என்றால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறாமல் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவரையே தேர்ந்தெடுக்கலாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டால் மட்டும், ஒரு மாதத்துக்கு முதலில் கட்டிச் சேர அனுமதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.