சேலம் தூசிக்கும் ஏற்காடு ஏற்றத்துக்கும் எந்த ஏர் ஃபில்டர்? டர்போ பெட்ரோல் காரில் நீண்ட நாள் அனுபவம்

போலோ ஜிடி டிஎஸ்ஐ, விர்டஸ் ஜிடி, ஐ20 என் லைன் மாதிரி டர்போ பெட்ரோல் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஏர் ஃபில்டரில்தான். பவர் கூடும், சத்தம் நன்றாக இருக்கும், கழுவிக் கழுவிப் போடலாம் என்பார்கள். சேலத்தில் ஓடும் வண்டிக்கு இந்த மூன்றையும் தள்ளி வைத்துவிடலாம். தூசியை எவ்வளவு பிடிக்கிறது, பெட்டிக்குள் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, இந்த இரண்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். கம்பெனி காகித ஃபில்டர், எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர், திறந்த கோன் ஃபில்டர் மூன்றையும் இந்த ஊர் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்வது இது.

முதலில் தூசியைப் பற்றி. 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும். அவ்வளவு காற்றோடு வரும் மண்ணை நிறுத்துவது அந்த ஒரு மடிப்புத் தாள்தான். கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிப் போய் வரும் வண்டியில் ஃபில்டரைக் கழற்றினால் மேலே மாவு பூசினது போல வெள்ளை படிந்திருக்கும். பார்த்ததும் பயம் வரும். ஆனால் மக்னசைட் எனும் அந்த வெள்ளைக்கல்லின் கடினம், கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 3.5 முதல் 4.5 தான். குவார்ட்ஸ் 7. எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் வரும் சாம்பல் நிறத் தூசியிலும், க்ரஷர் இருக்கும் சாலையோரத்திலும் கிடப்பது குவார்ட்ஸ் கலந்த கல்தூள். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரிப்பது அதுதான். அதிலும் கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் துகள்கள்தான் மோசம், ஏனென்றால் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி இரண்டையும் உரசுவது அவைதான். ஆகவே ஃபில்டரின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டர்போ வண்டியில் இன்னொரு கவலையும் உண்டு. தப்பி வரும் மணல் முதலில் மோதுவது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பில்.

அடுத்தது மலை. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் 98 கிலோபாஸ்கலில் இருந்து 85 அளவுக்கு இறங்கிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ எஞ்சினில் இழுவை அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி ஈடு கட்டுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு 180 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் காற்றை 1.84 மடங்கு அழுத்தினால் போதும். ஏற்காட்டில் 2.1 மடங்கு. அடைத்துப்போன ஃபில்டர் இன்னொரு 3 கிலோபாஸ்கலைத் தின்றால் 2.2 மடங்கு. அடிவாரத்தில் தெரியாத அடைப்பு மேலே போகப் போகத் தெரிவது இதனால்தான். மிதித்ததும் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) வரத் தாமதம், காற்றின் சூடு கூடுதல், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்வாங்கல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

இப்போது ஃபில்டர்கள். ஏர் ஃபில்டருக்கான சர்வதேசச் சோதனை முறையான ஐஎஸ்ஓ 5011-ன்படி சோதிக்கும்போது நல்ல காகித ஃபில்டர் 99 சதவீதத்தை ஒட்டித் தூசி பிடிக்கும். எண்ணெய் பருத்தி பொதுவாக அதைவிடக் கொஞ்சம் கீழே. ஒன்று 99, மற்றது 97 என்றால் வித்தியாசம் வெறும் இரண்டு என்று தோன்றும். எஞ்சினுக்குள் போகும் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் அது மூன்று மடங்கு தூசி. மங்களூர் கடலோரத்திலோ ஊட்டியிலோ ஓடும் வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. ஓமலூர் சாலையில் தினமும் லாரிக்குப் பின்னால் போகிறவருக்கு அது பெரிய விஷயம். பருத்தியின் நல்ல குணம், ஏற்காட்டுப் பனிமூட்டத்திலும் மழையிலும் காகிதம் போல ஈரம் குடித்து இறுகாது. உறிஞ்சும் சத்தமும் கேட்க இதமாக இருக்கும். கம்பெனி ஏர் பாக்ஸிலேயே போட்டால் பவர் கூடுவது உட்கார்ந்து ஓட்டும்போது உணரும் அளவுக்கு இல்லை.

பருத்தி வாங்கினால் சர்வீஸை ஒழுங்காகச் செய்ய வேண்டும். க்ளீனர் அடித்து 10 நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மெதுவான தண்ணீரில் அலச வேண்டும். நிழலில் தானாகக் காய வேண்டும். ஹேர் டிரையர், கம்ப்ரசர் காற்று கூடாது. பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய் தடவி 20 நிமிடம் விட்டு, வெளுத்த இடத்துக்கு மட்டும் மறுபடி கொடுங்கள். எண்ணெய் குறைந்தால் தூசி நிற்காது. அதிகமானால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதன் சூடான கம்பியில் எண்ணெய் படிந்து அளவு தப்பும்.

பெட்டி இல்லாமல் பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டரை இந்த ஊருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது பானெட்டுக்குள் இருப்பது முழுக்கச் சூட்டுக் காற்று. மூடிய பெட்டி, முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். கோன், ரேடியேட்டர் சூட்டையே திரும்பக் குடிக்கும்.

பெட்ரோல் பங்கில் காகித ஃபில்டருக்குக் காற்று அடித்து வாங்கும் பழக்கத்தை விடுங்கள். கம்ப்ரசர் வேகத்தில் தாளின் நார்கள் விலகும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். தாள்மேல் படியும் மெல்லிய தூசிப் படலம்கூட நுண்துகளைப் பிடிக்க உதவுகிறது. புது ஃபில்டரைவிட ஓரளவு ஓடிய ஃபில்டர் நன்றாக வடிகட்டும். அடிக்கடி தட்டித் தட்டிப் போட்டால் அந்தப் பலன் போய்விடும்.

மாற்றும் வேலை வீட்டிலேயே அரை மணி நேரத்தில் முடியும். எஞ்சின் ஆறிய பிறகு, மூடியைத் திறக்கும் முன்பே பெட்டியின் வெளிப்பக்கத்தையும் விளிம்பையும் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த மண் நேராக உள்ளே விழும். பழைய ஃபில்டரைச் சாய்க்காமல் தூக்குங்கள். எஞ்சின் பக்கக் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, பெட்டியின் அடியை வேக்வம் க்ளீனரால் இழுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் கம்பி விட்டுப் பாருங்கள். எஸ்டேட் சாலையில் சில்வர் ஓக் இலைத்தூளும் சேறும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி ஃபில்டர் அடியிலிருந்து ஊறும்.

சீல் சோதனையை விட்டுவிடாதீர்கள். மூடியின் விளிம்பில் வாசலினை நூல் போல மெல்லிசாகத் தடவி, ஃபில்டரை வைத்து மூடி, திரும்பத் திறந்து பாருங்கள். ரப்பர் மேல் அந்தக் கோடு நான்கு பக்கமும் அறாமல் பதிந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் அறுந்திருந்தால் அங்கேதான் தூசி போகும். போலி ஃபில்டரில் ரப்பரின் உயரம் சீராக இருக்காது என்பது இதிலேயே அம்பலமாகும். ஸ்க்ரூவை முறுக்கும் முன் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், பழைய புரியில் 'டக்'கென்று இறங்குவது கையில் தெரியும். பிறகு கையால் மட்டும் முறுக்குங்கள். பவர் ட்ரில் வைத்தால் பிளாஸ்டிக் புரி போய்விடும், அப்புறம் எவ்வளவு விலை ஃபில்டர் போட்டும் பலனில்லை.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டருக்கு அடுத்த குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். கறுப்பாக எண்ணெய்ப் பசை வந்தால் அது எஞ்சினிலிருந்து ப்ரீதர் குழாய் வழியாகத் திரும்பி வரும் எண்ணெய் ஆவி, டர்போ வண்டியில் சகஜம். விரலில் நெருடும் பழுப்பு மண் வந்தால் கசிவு. மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வைத்துக் காற்றைக் கணக்கிடும் எஞ்சினில், டர்போவுக்கு முந்தைய இந்தக் கசிவுக்கு எஞ்சின் லைட் எரியாது. கலவை சரியாகவே இருக்கும், மண் மட்டும் போய்க்கொண்டிருக்கும். துணிதான் ஒரே சாட்சி. ஆயில் டெஸ்ட் கொடுப்பவர்கள், மண் உள்ளே போவதைக் காட்டும் சிலிக்கான் அளவு சர்வீஸுக்குச் சர்வீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். புது எஞ்சினில் சீலன்ட்டிலிருந்தும் சிலிக்கான் வரும், முதல் ஆயிலை வைத்துப் பதற வேண்டாம்.

எப்போது மாற்றுவது என்பதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூப் உதவும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு டி இணைப்பு வைத்து, ட்யூபைக் காருக்குள் 'யு' வடிவில் நிறுத்தி, நிறம் கலந்த தண்ணீர் பாதி ஊற்றுங்கள். 'யு'வின் இரண்டு பக்க உயரமும் அரை மீட்டருக்குக் குறையக் கூடாது, குட்டையாக இருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குப் போய்விடும். முழு மிதியில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 1 கிலோபாஸ்கல். புது ஃபில்டரில் வந்த அளவை பக்கத்தில் ஓட்டுபவர் அல்லாத இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். அதைவிட 25 சென்டிமீட்டர் கூடினால் மாற்றிவிடலாம்.

இது செய்ய முடியாதவர்களுக்கு, நகரமும் நெடுஞ்சாலையுமாக ஓடினால் 15,000 கி.மீ., க்ரஷர், சுரங்கப் பக்கம் தினமும் போனால் 10,000. நடுவில் ஒரு முறை திறந்து ஈரமும் எலிக்கடியும் பார்த்தால் போதும். மைலேஜ் குறைந்தால் மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்தபோது, நவீன பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். சர்வீஸில் 'மாற்றியாச்சு' என்று பில் வந்தால், மூடியைத் திறந்ததும் உண்மை தெரிந்துவிடும்.