புது ஆக்சுவேட்டர் போட்டும் டோர் லாக் சரியாகல, கோளாறு வயர்ல இருந்துச்சு

வண்டி வாங்கி 9 வருஷம் ஆகுது. முதல் 5 வருஷம் சென்ட்ரல் லாக்னு ஒன்னு இருக்கறதே நினைப்புல இல்ல, ரிமோட்ட அமுக்கினா 4 கதவும் டக்குனு ஒரே சத்தத்துல லாக் ஆகும், அவ்ளோதான். 6வது வருஷம்தான் தொல்லை ஆரம்பிச்சுது. டிரைவர் சைடு கதவு மட்டும் சில நாள் லாக் ஆகாது, மறுநாள் தானா சரியாயிடும். ஒரு தடவ லாக் பண்ணியாச்சுன்னு நம்பி போயிட்டு 2 மணி நேரம் கழிச்சு வந்து ஹேண்டில இழுத்தா கதவு தொறந்துகிச்சு. உள்ள எதுவும் திருடு போகல, ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 4 ஹேண்டிலையும் இழுத்துப் பாக்காம நகர மனசு வரல.

மெக்கானிக் கேட்ட உடனே ஆக்சுவேட்டர், அதாவது கதவுக்குள்ள லாக்க இயக்கற மோட்டார், போயிருக்கும்னு சொன்னாரு, மாத்தினோம். 2 வாரம் அருமையா வேலை செஞ்சுது, அப்புறம் பழைய கதைதான். சரி போட்டது டூப்ளிகேட் பார்ட்டா இருக்கும்னு கம்பெனி பார்ட்டே வாங்கி மறுபடி மாத்தினோம். அதுவும் 1 மாசம்தான் தாங்குச்சு. நல்லா இருக்கற மோட்டார் ரெண்ட அடுத்தடுத்து மாத்தியிருக்கோம்னு பின்னாடிதான் புரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் சரியானதுக்குக் காரணம் புது பார்ட் இல்ல, டோர் பேட (கதவோட உள்பக்க மூடிய) கழட்டி மாட்டும்போது வயர் அசைஞ்சு உள்ள விட்டுப்போன கம்பி ரெண்டும் தற்காலிகமா ஒட்டிகிட்டதுதான்.

ஆக்சுவேட்டர்ங்கறது பெரிய விஷயம் இல்லங்க, ஒரு சின்ன டிசி மோட்டார், அது சுத்தற பிளாஸ்டிக் கியர், அதுல இருந்து லேட்ச்ச (கதவ மூடினா பிடிச்சுக்கற கொக்கி) தள்ளற ஒரு நெம்புகோல். 12 வோல்ட் ஒரு பக்கமா வந்தா லாக், பிளஸ் மைனஸ் மாறி வந்தா அன்லாக். அந்த கரன்ட் ஒரு செகண்டுக்கும் குறைவாதான் வரும், அதனால டிஜிட்டல் மீட்டர வச்சுகிட்டு நம்பர் வருதான்னு பாத்தா பல தடவ ஏமாந்துடுவோம். நான் அப்படி ஏமாந்துட்டுதான் டெஸ்ட் லேம்ப் வாங்கினேன், கரன்ட் வந்தா எரியற சின்ன பல்புதான் அது. மோட்டாருக்குப் போற ரெண்டு வயர்லயும் லேம்ப்ப மாட்டிட்டு வீட்டுல ஒருத்தர உள்ள உக்கார வச்சு ஸ்விட்ச்ச அமுக்கச் சொன்னேன், கதவு முழுசா தொறந்திருந்தா லேம்ப் பளிச்னு எரியுது, பாதி மூடினா எரியல! அங்கயே விஷயம் முடிஞ்சுது. மோட்டார் வரைக்கும் கரன்டே வராதப்ப மோட்டார மாத்தி என்ன பிரயோஜனம்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவுல, கீல் பக்கத்துல ஒரு ரப்பர் குழாய் போகும் பாருங்க, அதுக்குள்ளதான் கதவோட எல்லா வயரும் போகுது. கதவ தொறக்கும்போது மூடும்போதெல்லாம் அது ஒரே எடத்துல மடங்கி நிமிருது. டிரைவர் கதவுதான் அதிகமா தொறக்கறது, அதனால பெரும்பாலும் அங்கதான் முதல்ல விடும். ரப்பர ஒரு பக்கம் கழட்டி பின்னாடி தள்ளினா ஒரு வயர் சுத்தமா அறுந்திருக்கு, இன்னொன்னுல மேல் உறை வெடிச்சு உள்ள செம்பு பச்ச புடிச்சிருக்கு. யோசிச்சுப் பாத்தா வண்டி முன்னாடியே சொல்லியிருக்கு, அதே கதவுல பவர் விண்டோ அப்பப்ப பாதில நிக்கும், ஸ்பீக்கர் கரகரக்கும். ஒரே கதவுல ரெண்டு மூணு விஷயம் சேந்து மக்கர் பண்ணா பார்ட் வாங்காதீங்க, அந்த ரப்பர கழட்டிப் பாருங்க.

ரிப்பேர்லயும் ஒரு தப்பு நடந்துச்சு. அறுந்த எடத்துலயே சால்டர் வச்சு டேப் சுத்தியாச்சு, சில மாசத்துல சால்டருக்கு ஒட்டினாப்புலயே மறுபடி அறுந்துடுச்சு, ஏன்னா சால்டர் ஏறின வயர் விறைச்சுடும், மடங்காது. ரெண்டாவது தடவ மெல்லிசு இழை நிறைய இருக்கற மெத்துன வயர வாங்கி நீளமா சேத்து, ஜாயிண்ட் ரெண்டையும் மடங்கற எடத்துக்கு வெளிய, ஒன்னு கதவுக்குள்ள ஒன்னு பாடிக்குள்ள வர்ற மாதிரி கிரிம்ப் பண்ணோம், அதாவது சால்டர் இல்லாம உலோகக் குழல்ல வச்சு நசுக்கி இணைச்சோம். 3 வருஷமாச்சு, ஒரு தடவ கூட ஏமாத்தல.

இடது பின்கதவு கதை வேற. அங்க மோட்டார் சுத்தற சத்தம் "சர்ர்"னு நல்லா கேக்கும், ஆனா கதவுல இருக்கற லாக் பட்டன் அசையாது. அது கியர் பல் தேஞ்சு போனது, அங்க ஆக்சுவேட்டர் மாத்தினதுதான் சரி, இன்னிக்கி வரைக்கும் நல்லா இருக்கு. அதனால முதல்ல காத கதவுல வச்சு கேளுங்க. சத்தமே இல்லன்னா கரன்ட் வருதான்னு பாக்கணும், சத்தம் இருந்து அசையலன்னா கியர், சோம்பலா அசைஞ்சா லேட்ச்ல பழைய கிரீஸ் காஞ்சு அழுக்கு சேந்திருக்கும். 4 கதவும் ஒன்னா செத்துப்போனா ஃபியூஸ், ரிலே, இல்ல மெயின் ஸ்விட்ச். உள்ள ஸ்விட்ச்ல வேலை செஞ்சு ரிமோட்டுல மட்டும் செய்யலன்னா முதல்ல ரிமோட் பேட்டரிய மாத்திப் பாருங்க.

நீங்களே கழட்டறதா இருந்தா கண்ணாடிய முழுசா ஏத்திடுங்க, பேட்டரி நெகட்டிவ்வ எடுத்துட்டு கனெக்டர கழட்டுங்க, சில வண்டில சைடு ஏர்பேக் சென்சார் கதவுக்குள்ளயே இருக்கு. டோர் பேடுக்கு உள்ள ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட கிழிச்சு தூக்கிப் போட்டுடாதீங்க, மழைத்தண்ணி உள்ள வராம இருக்கறதே அதாலதான். எல்லாம் மாட்டினதும் கதவ தொறந்தே வச்சு லேட்ச்ச ஒரு ஸ்க்ரூடிரைவரால மூடி லாக் அன்லாக் அடிச்சுப் பாருங்க, உள்ளயும் வெளியவும் இருக்கற ஹேண்டில் ரெண்டும் லேட்ச்ச விடுவிக்குதான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் கதவ மூடுங்க, ஹேண்டிலையும் லேட்ச்சையும் சேக்கற லிங்க் கம்பிய மாட்ட மறந்துட்டு மூடினா தொறக்கறது பெரும்பாடு.

இப்ப வலது பின்கதவு லாக் பட்டன் காலைல முதல் தடவ கொஞ்சம் மெதுவா ஏறுது. போன வாரம் லேட்ச்ச துடைச்சு வெள்ள கிரீஸ் வச்சேன், கொஞ்சம் தேவலாம். அப்படியே டிரைவர் கதவு ரப்பரையும் கழட்டிப் பாத்தேன், நாங்க போட்ட வயர் மடங்கற எடத்துல ஒரு கீறல் கூட இல்ல.