நான்கறை வீட்டில் ஒரு பேண்ட் சா: நாலு வருட அனுபவம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்களுடையது நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் மூலையில் 9 அங்குல பேண்ட் சா (மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) ஒன்றை வைத்து நாலு வருடம் ஆகிறது. முதலில் வட்ட ரம்ப மேசை வாங்கத்தான் நினைத்தேன். ஆனால் அது சமயத்தில் மரத்தைப் பிடித்து ஆளை நோக்கி எறிந்துவிடும். விலகி நிற்க என் மூலையில் இடமில்லை. பேண்ட் சாவில் பிளேடு கீழ்நோக்கியே ஓடுவதால் மரம் மேசையோடு அழுந்தி நிற்கிறது. தூளும் குறைவு.

9 அங்குலம் என்பது சக்கரத்தின் அளவு. வாங்கும்போது நான் கேட்க மறந்தது, எவ்வளவு உயரமான கட்டையை வெட்டலாம் என்பது. என்னுடையதில் 90 மில்லிமீட்டர்தான். கட்டையைப் பலகையாகப் பிளக்க நினைப்பவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் பெரும் வேதனை. சுங்கை காடுட் பக்கம் கிடைத்த தூங்குமூஞ்சி மரத்துண்டு ஒன்றைப் பிளந்தேன். மேலே கோட்டில் போன வெட்டு நடுவில் தொப்பை போட்டு வளைந்திருந்தது. மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்றே நம்பினேன். குற்றம் பிளேடில் இருந்தது. கூடவே வந்த பிளேடில் அங்குலத்துக்கு 14 பல். தடித்த மரத்தில் பல்லிடுக்கு தூளால் அடைத்துக்கொள்ளும், பிளேடு சூடாகும், போகும் வழியை விட்டு விலகும். 10 மில்லிமீட்டர் அகலத்தில் அங்குலத்துக்கு 4 பல் உள்ளதை மாட்டினேன். அதே மோட்டார், அதே மரம், நேரான வெட்டு! அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறக்கவே முடியாது. வளைவுகளுக்கு 6 மில்லிமீட்டர், 6 பல். சின்னச் சக்கரத்துக்குத் தடித்த பிளேடு வேண்டாம், வளைந்து வளைந்து சீக்கிரம் அறுந்துவிடும்.

பிளேடு மாற்றினால், அதைப் பக்கத்திலும் பின்னாலும் தாங்கும் வழிகாட்டிகளையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். பக்கவாட்டில் ஒரு தாளின் கனம் இடைவெளி போதும். பின்பக்க பேரிங் வெட்டும்போது மட்டும் பிளேடைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் பிளேடின் இழுவையைத் தளர்த்திவிடுகிறேன். இல்லாவிட்டால் சக்கரத்தின் ரப்பர் ஒரே இடத்தில் அமுங்கிப்போகும்.

தங்கை மகனுக்கு நடைவண்டி செய்தபோது அச்சுக்கான உருண்டைக் கம்பைக் கையால் பிடித்து வெட்டினேன். பல் பட்டதும் கம்பு சுழன்று உள்ளே இழுத்தது. விரல் தப்பியது, பிளேடு கோணிப்போனது. அதன் பிறகு, 'வி' வடிவப் பள்ளம் வெட்டிய கட்டையில் வைக்காமல் உருண்டை எதையும் வெட்டுவதில்லை.

நம்மூர் ஈரக்காற்றுக்கு வார்ப்பிரும்பு மேசை ஒரு வாரத்திலேயே செம்மண் நிறமாகிவிடும். மாதம் ஒருமுறை மெழுகு தேய்க்கிறேன். மரமும் வழுக்கிக்கொண்டு போகும். உதிரி பிளேடுகளுக்கு எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வைக்கிறேன்.

சத்தம் பெரிதில்லை, மிக்ஸியைவிடக் குறைவு என்கிறார் மனைவி. தூள்தான் கவலை. கீழ்வீட்டு அங்கிள் கழியில் துணி காயப்போட்டிருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, வேக்குவம் குழாயைப் பொருத்தி, முகக்கவசத்தோடுதான் வெட்டுவேன். சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிவரை மட்டும். போன மாதம் மேல் சக்கரத்தின் ரப்பரில் வெடிப்பு தெரிந்தது. புதியது வந்துவிட்டது, இந்தச் சனிக்கிழமை அதை மாட்ட வேண்டும்.