ஹைலக்ஸ், வி-கிராஸ் ஆட்டோமேட்டிக்: திம்பம் ஏறும், சுமை தாங்குமா?

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும் திருப்பூர், பெருந்துறைப் பக்கம் கம்பெனி நடத்துபவர்களும் ஆட்டோமேட்டிக் பிக்கப் என்று விசாரித்தால் பேச்சு இரண்டு வண்டிகளில் வந்து நிற்கும்: டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். இரண்டிலும் 6 கியர், இரண்டிலும் ஆயில் வழியாக இஞ்சின் சக்தியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். மலைப்பாதைக்கும் அவிநாசி ரோடு டிராபிக்குக்கும் ஹைலக்ஸ் கியர்பாக்ஸ் ஒரு படி மேல். ஆனால் தினமும் மூட்டை ஏற்றி அடிக்க இரண்டுமே ஆகாது. பார்க்க முரட்டு வண்டிகள். கியர்பாக்ஸ் மட்டும் லைட் டியூட்டி ரகம்.

லைட் டியூட்டி, ஹெவி டியூட்டி என்று பிரிப்பது எதை வைத்து? கியர் எண்ணிக்கையை வைத்து இல்லைங்க. அமெரிக்காவில் ஃபோர்டு விற்கும் எஃப்-150 சின்ன ரகம், சூப்பர் டியூட்டி பெரிய ரகம். முன்னதில் 10ஆர்80 கியர்பாக்ஸ், பின்னதில் 2020 மாடலிலிருந்து 10ஆர்140. இரண்டுக்கும் 10 கியர். கியர் விகிதங்களும் ஏறத்தாழ ஒன்றேதான்: முதல் கியர் ஒன்றில் 4.7, மற்றதில் 4.6; பத்தாவது இரண்டிலும் 0.63-ஐ ஒட்டி. தாங்க வேண்டிய டார்க்கில், அதாவது இஞ்சின் தரும் முறுக்குவிசையில்தான் வித்தியாசம். எஃப்-150-இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் 678 நியூட்டன் மீட்டர் தருகிறது. சூப்பர் டியூட்டியின் ஹை அவுட்புட் டீசல் 1,627. அவ்வளவையும் வாங்கிக்கொள்ளக் கிளட்ச் தட்டுகள், ஷாஃப்ட், கன்வெர்ட்டர், ஆயில் கூலர் எல்லாமே பெரிதாக வேண்டும். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கும்போது கியரைத் தானாகக் குறைத்துக் கொடுக்கும் புரோகிராமும் வேண்டும். பிடிஓ, அதாவது இஞ்சின் சக்தியில் வேறு கருவியை ஓட்டும் இணைப்பு, பூட்டும் வசதியும் இந்தப் பெரிய ரகத்துக்கு உண்டு. பிடிஓ என்னவென்று திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்காவின் இன்னொரு பெரிய பிக்கப் ராம் 3500 இன்னும் நல்ல பாடம். 2024 மாடல் வரை ஒரே 6.7 லிட்டர் கம்மின்ஸ் இஞ்சினுக்கு இரண்டு 6 கியர் பெட்டிகள். 68ஆர்எஃப்இ பூட்டினால் இஞ்சின் 1,152 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளும். ஐசின் ஏஎஸ்69ஆர்சி பூட்டினால் 1,458 வரை போகும். இஞ்சின் எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்வது பின்னால் இருக்கும் பெட்டி. ஹைலக்ஸிலும் இதே கதைதான், ஆனால் தலைகீழாக: 2.8 லிட்டர் டீசல், மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. வி-கிராஸின் 1.9 லிட்டர் இஞ்சின் தருவது 360.

பெரிய ரகம் கெடாது என்றும் நினைக்க வேண்டாம். 2020 முதல் 2022 வரையிலான 10 கியர் டீசல் வண்டிகளில் 4.6 லட்சத்துக்கு மேல் ஜெனரல் மோட்டார்ஸ் 2024-இல் திரும்ப அழைத்தது. கண்ட்ரோல் வால்வு தேய்ந்து பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளலாம் என்பது காரணம். அந்தப் பட்டியலில் ஹெவி டியூட்டி சில்வராடோவும் இருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் சரக்கு வண்டியெல்லாம் பகலில்தான் ஏறுகிறது. வளைவில் ஒரு லாரி திணறினால் பின்னால் வரிசை ஊர்ந்து நகரும். ஆட்டோமேட்டிக்குக் கெடுதல் அந்த ஊர்தலில்தான் இருக்கிறது. கன்வெர்ட்டருக்குள் இஞ்சினையும் கியரையும் இணைப்பது ஆயில் மட்டுமே. வேகம் எடுத்து லாக்-அப் கிளட்ச் பிடித்தால்தான் நேரடி இணைப்பு. அதுவரை வழுக்கும் வேகமெல்லாம் சூடாக ஆயிலில் இறங்கும். கிளம்பும்போது கன்வெர்ட்டர் டார்க்கை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கித் தருகிறது, அதனால்தான் ஏற்றத்தில் அலுங்காமல் எழும்புகிறது. அந்தச் சுகத்துக்கு விலை இந்தச் சூடு.

ஆகவே ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். பிரேக்கில் நிற்கட்டும். முன் லாரிக்கும் உங்களுக்கும் இரண்டு வண்டி நீளம் இடம் விட்டு, அது நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். ஹைலக்ஸில் லீவரை எஸ் பக்கம் தள்ளினால் திரையில் தெரியும் எண் மேல்வரம்பு. 2 என்றால் இரண்டுக்கு மேல் போகாது, தேவைப்பட்டால் ஒன்றுக்கு இறங்கிக்கொள்ளும். வளைவுக்கு முன்பே 2-இல் வைத்துவிட்டால் வளைவின் நடுவில் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் தாவித் தடுமாறாது. முழு டார்க்கும் 1,600 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதால் இஞ்சின் கத்தாமல் ஏறும். வி-கிராஸுக்கு 2,000 வேண்டும். அதற்குக் கீழே கொஞ்சம் யோசிக்கும், ஆள் நிறைந்திருந்தால் நன்றாகவே யோசிக்கும். மேனுவல் பக்கம் தள்ளி ஆர்பிஎம்மைத் தாங்கிப் பிடித்தால் குறை தெரியாது.

இறக்கத்தில், வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 வளைவு என்றாலும் கொல்லிமலையின் 70 என்றாலும், முறை ஒன்றுதான்: ஏறிய கியரிலேயே இறங்குவது. நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்பது வெறும் பேச்சு. கியரில் காலை எடுத்தால் இன்ஜெக்டரே மூடிக்கொள்கிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும், இஞ்சின் பிரேக்கும் கிடைக்காது.

ஹைலக்ஸில் கியர் ஆயில் சூட்டு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டு, இஞ்சினை அணைக்காமல் ஐடிலிங்கில் விடுங்கள். இஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் ஆயில் கூலருக்குப் போகும். விளக்கு அணைந்த பிறகு கிளம்பலாம். அடிக்கடி எரிகிறதென்றால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். நார் மில் தூசியும் பனியன் கம்பெனிப் பஞ்சும் ஃபின்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராக அடித்தால் ஃபின் மடங்கும். பின்பக்கமிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். உள்ளே போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. நம் பகுதியின் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்தால் இஞ்சினோடு கியர் ஆயிலும் சூடேறும். கூலர் உள்ளே ஓட்டையாகிக் கூலண்ட் கலந்துவிட்டால் ஆயில் ரோஸ் மில்க் போல ஆகிவிடும். அதைப் பார்த்த பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டின் ஒட்டுப்பகுதி உரிந்து வந்துவிடும்.

'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று சொல்லும் சர்வீஸ் அட்வைசர்களை நம்ப வேண்டாம். மலையும் டிராபிக்கும் கலந்த ஓட்டத்துக்கு 60,000 கிலோமீட்டரில் மாற்றுவது நல்லது. ஹைலக்ஸில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்து, கம்பெனிக் கையேட்டில் சொன்ன சூட்டில் செக் பிளக்கைத் திறந்து வழிவதை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். கொதிக்கும்போது அளவு வைத்தால் ஆறிய பிறகு குறைவாக நிற்கும். பிளக்கைக் கழற்றினால் பாதிகூட வெளியே வராது. மீதி கன்வெர்ட்டருக்குள் இருக்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவது மெஷின் வைத்துத் தள்ளுவதைவிடப் பத்திரம். அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றும்போது அதன் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. கையில் குத்தும் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

சுமைக்கு வந்தால், இரண்டு வண்டிகளுக்கும் பேலோடு, அதாவது ஏற்றக்கூடிய எடை, அரை டன்னைத் தாண்டாது. தேங்காயும் மஞ்சள் மூட்டையும் ஏற்ற மஹிந்திரா பிக்கப் மேனுவலே போதும். கிளட்ச் தேய்ந்தால் எந்த ஊரிலும் மாற்றித் தருவார்கள். ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரிக்கத் தெரிந்த கைகள் கோவையிலேயே கொஞ்சம்தான். வி-கிராஸ் என்றால் இசுசு சர்வீஸ் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். தண்ணீர் பாய்ந்த தோப்பில் சேறு மிதிக்க வேண்டியிருந்தால் 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியர்) போட்டுக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் வழுக்குவது குறையும். தார் ரோட்டில் 4எல் வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். பி-யிலிருந்து டி-க்கும் ஆர்-க்கும் மாற்றினால் ஒரு நொடி, ஒன்றரை நொடிக்குள் பிடிக்க வேண்டும். பைபாஸில் 60-லிருந்து 80 வரை லேசாக மிதித்து ஓட்டும்போது வண்டி நடுங்கினால் லாக்-அப் கிளட்ச் தேய்ந்திருக்கலாம் அல்லது ஆயில் கெட்டிருக்கலாம். ஆயிலை மாற்றி நிற்கவில்லை என்றால் செலவு பெரிது. சரிவில் நிறுத்திப் பி-யிலிருந்து எடுக்கும்போது 'டக்' என்று அடித்தால், ஹேண்ட் பிரேக் போடாமலேயே நிறுத்திப் பழகிய கையாக இருக்கலாம். 4x4 ஆட்டோமேட்டிக்கைச் சக்கரம் தரையில் உருள இழுத்துவந்த வரலாறு இருந்தால் விலை குறைந்தாலும் வேண்டாம். இஞ்சின் ஓடாமல் பம்ப் ஓடாது, ஆயில் போகாமலே உள்ளே சுற்றியிருக்கும்.