பின் ஹீட்டரில் குளிர்காற்று: நல்ல வேனுக்கு ஒரு தீராத வியாதி

வேலூரில் ஓடுகிற வேனுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் மே மாதத்தை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். மார்கழி விடியலில், சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவரைப் பின் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிளம்பினால் பதில் தெரிந்துவிடும். வேலூரிலேயே 20 டிகிரிக்குக் கீழே இருக்கும். கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏற ஏற இன்னும் குறையும். முன் ஹீட்டரின் சூடு இரண்டாவது வரிசையோடு நின்றுவிடும். ஊட்டி டிரிப் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் ஓட்டும் இந்த வேனின் மாடல் இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எஞ்சின், மைலேஜ், இருக்கை எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். குறை சொல்ல இடமில்லை. பின் ஏசி கத்திரி வெயிலிலும் கடைசி வரிசைவரை குளிர வைக்கிறது. ஐந்து வருடமாக உயிரை வாங்குவது பின் ஹீட்டர் ஒன்றுதான். முன்னால் கை சுடும், பின்னால் ஜில்லென்று காற்று வரும்.

பின் ஹீட்டருக்கென்று தனியாகச் சூடாக்கும் பொருள் எதுவும் இதில் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்கிற திரவம்தான் அங்கே சூடாகி, முன் ஹீட்டர் ஹோஸில் இருக்கும் ‘T’ வடிவ டீ ஜாயின்டில் பிரிந்து, தரைக்கு அடியில் ஓடி, பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்கிற சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பி வருகிறது. புளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது. ஆகவே குளிர்காற்று வந்தால், ஒன்று சுடுதண்ணீர் கோருக்கு வரவில்லை. இல்லையென்றால் தண்ணீர் வந்தும் காற்று கோர் வழியாகப் போகவில்லை. எது என்று தெரியாமல் ஒரு ஸ்குருவைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

பார்க்கும் முறை எளிது. வண்டியை 20 நிமிடம் ஓட்டி, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தபின் பின் ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரைக் குறைந்த வேகத்திலும் வையுங்கள். கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே 80 டிகிரிக்கு மேல் இருக்கும், வெறுங்கை வேண்டாம். இரண்டும் சுட்டால் தண்ணீர் சரியாக ஓடுகிறது, கோளாறு காற்றைத் திருப்பும் தகட்டிலோ அதை ஆட்டும் சின்ன மோட்டாரிலோ இருக்கிறது. சாவி போட்டதும் டிக் டிக் என்று சத்தம் வந்தால் அந்த மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் கோர் அடைப்பு, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே ஆறியிருந்தால் கோருக்குச் சுடுதண்ணீரைத் திறந்து மூடும் வால்வு மூடியிருக்கலாம், டீயில் அடைப்பு இருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், குழாயில் காற்று சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும் ஏர்லாக்காகவும் இருக்கலாம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமலே மோட்டாரை மாற்றிப் பில் போடுகிற ஒர்க்‌ஷாப்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று: டீசல் எஞ்சின் ஐடிலில் நின்றால் எளிதில் சூடாகாது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும்போது காற்று குளிர்ந்து வந்தால் அது கோளாறே இல்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பேசுங்கள்.

நம் பக்கத்தில் உண்மையான வில்லன் தண்ணீர். கூலன்ட் குறைந்தால் கையில் கிடைக்கும் போர் தண்ணீரை ஊற்றுவது இங்கே வழக்கம். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. வேலூரிலும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்தான். அதே படிவு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ரேடியேட்டரில் ஓட்டம் வேகமாக இருப்பதால் அது தாங்கும். பின் கோருக்கு வரும் ஓட்டம் மெதுவானது, அதனால் முதலில் அடைபடுவது அதுதான்.

அடைப்பு என்று உறுதியானால், எஞ்சின் ஆறியபின் பின் ஹோஸ் இரண்டையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பழுப்புத் தண்ணீர் நின்று தெளிவாக வரும்வரை விடவேண்டும். அப்படியும் ஓட்டம் மந்தமாக இருந்தால், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, கரைத்துக் கோரை நிரப்பி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் விட்டு முடியுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர் பக்கமே போகாதீர்கள். கோர் அலுமினியம், ஓட்டை விழுந்தால் பின் இருக்கைக் காலடியில் கூலன்ட் கொட்டும். தித்திப்பான வாடையும், பின் கண்ணாடியில் பிசுபிசுப்பான பனியும் அதற்கு அறிகுறி.

அடுத்தது தெர்மோஸ்டாட். வெயில் ஊரில் எஞ்சின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 80 டிகிரிக்கு மேல் திறக்கவேண்டிய கதவே இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். இதை ஏலகிரியில் சோதிக்கலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் உழைப்பதால் ஹீட்டர் சுடும். கியரில் இறங்கும்போது தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் முன் ஹீட்டர், பின் ஹீட்டர் இரண்டுமே ஆறிப்போகும். முன்னால் சூடு நிற்கிறது, பின்னால் மட்டும் இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லவேண்டாம்.

கூலன்ட் மாற்றிய மறுநாளே பின்னால் குளிர்காற்று வந்தால், அது கிட்டத்தட்ட எப்போதும் ஏர்லாக். 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 200 மில்லி பிடிக்கும். போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்றால் குழாயில் மட்டுமே 1.2 லிட்டர். பின் ஹீட்டர் இல்லாத வேனின் கணக்கில் ஊற்றி மூடியைத் திருகிவிட்டால் அத்தனையும் காற்று.

காற்றை வெளியேற்ற, எஞ்சின் ஆறியிருக்கும்போது முன் சக்கரங்களை ரேம்பில் ஏற்றி ரேடியேட்டர் வாயை உயர்த்துங்கள். இரண்டு ஹீட்டரும் முழுச் சூட்டில் இருக்கட்டும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்து 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். இடையிடையே 2,000 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுத்து, பின் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரவர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். பொங்கி வரும் முன் மூடிவிடவேண்டும். சூடானபின் மூடியைத் திறக்கவே கூடாது. மறுநாள் காலை ரேடியேட்டர் வாயிலேயே மட்டம் பாருங்கள். மூடி கெட்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். எத்தனை முறை செய்தும் குமிழி நிற்கவில்லை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ஹோஸ் கல்லாகிறது என்றால் ஹீட்டரை மறந்துவிட்டு, எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

இந்த வேனில் பின்னால் காற்றை விடுவிக்க ஒரு ஸ்குரு வைத்திருந்தால் இத்தனை பாடு இல்லை. டீ ஜாயின்டையும் எஞ்சினுக்குப் பின்னால் கை போகாத இடத்தில், அதுவும் பிளாஸ்டிக்கில் வைத்திருக்கிறார்கள். சூட்டில் நொறுங்கும் அதை முதல் வாய்ப்பிலேயே பித்தளைக்கு மாற்றிவிடுவது நல்லது.

வால்வுக்கு மருந்து ஒன்றே. பதினொரு மாதம் குளிர்ப் பக்கமே கிடந்தால் அது இறுகிப்போகும். மாதம் ஒருமுறை, எஞ்சின் சூடாக இருக்கும்போது, குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். சித்திரையிலும் செய்யவேண்டும், வேர்த்தாலும் பரவாயில்லை. பாதி திறந்தபடி இறுகிவிட்டால், அதே வால்வு கோடையில் பின் ஏசி காற்றைச் சூடாக்கும். ஏசி கேஸ் குறைந்துவிட்டது என்று பணம் கட்டி கேஸ் ஏற்றியும் தீராமல் போவது இதனால்தான்.

எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இந்தப் பின் ஹீட்டருக்கு ஈடு இல்லை. குழந்தை போர்வையைத் தள்ளிவிட்டுத் தூங்கும், வயதானவர்கள் காலை நீட்டிக்கொள்வார்கள். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்கவேண்டாம். ஐந்து வருடத்தில் யார் யார் எந்தத் தண்ணீரை ஊற்றினார்களோ, ஹோஸ் ஒழுகியபோது டீ ஜாயின்டில் டம்மி மூடி போட்டு அடைத்துப் பின் ஹீட்டரையே துண்டித்தார்களோ, பழைய வண்டியில் பார்த்தால் தெரியாது.

கேட்காமல் பார்க்கப் போவதாக இருந்தால் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பிறகு பள்ளிகொண்டா டோல்வரை ஓட்டிவிட்டு வந்து, வண்டியை நிறுத்தி அந்த இரண்டு ஹோஸையும் தொடுங்கள். தொடவிடாத ஆளிடம் விலை பேசவேண்டாம்.